தேடல் பெட்டியில் மிச்சமிருந்த பெயர்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு பெயிண்ட் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். இரண்டாயிரத்துக்குப் பிறகான வருடங்கள் அவை. எனக்குக் கொடுத்த அறை அதற்கு முன்னால் சாம்பிள் டப்பாக்கள் அடுக்கும் ஸ்டோராக இருந்தது. ஜன்னல் கிடையாது. சுவரில் வெள்ளை அடித்தும் தின்னர் வாசம் போகவில்லை. முதல் மாதம் தலை வலித்தது. பிறகு அந்த வாசம் எனக்குத் தெரியாமல் போய்விட்டது. என் புடவையில் ஏறிக்கொண்டிருந்ததை ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மூக்கைச் சுளிக்கும்போதுதான் தெரிந்துகொள்வேன்.

நான் ஆராய்ச்சி செய்பவள் அல்ல. வேதியியல் படித்து, பிறகு நூலக அறிவியலும் படித்திருந்தேன். கூடத்தில் இருந்த கெமிஸ்டுகள் படிப்பதற்காக வாங்கிச் சேர்த்த ஆய்வுக் கட்டுரைகள் பீரோ பீரோவாகக் கிடந்தன. எதைக் கேட்டாலும் யாராலும் எடுத்துக் கொடுக்க முடியவில்லை. அதனால் மேனேஜர் ஒரு மென்பொருள் வாங்கினார். கட்டுரையை யார் எழுதினார், எந்த இதழில், எந்த வருடம், தலைப்பு என்ன, எதைப் பற்றியது என்பதையெல்லாம் அதில் ஏற்றி வைத்துவிட்டால், தேவைப்படும்போது ஒரு சொல்லைத் தட்டித் தேடி எடுக்கலாம். ஏற்றுவதற்கும் தேடிக் கொடுப்பதற்கும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

சோழவரம் பக்கத்து கிராமம் எனக்கு. அப்பாவுக்கு ஏரிப் பாசனத்தில் நெல் வயல். கல்யாணமாகி அம்பத்தூரில் இரண்டு வருடம்கூட முழுசாக இருக்கவில்லை. அந்த வீட்டை விட்டு வந்துவிட்டேன். ஏன் வந்தேன் என்பதை இங்கே சொல்லப் போவதில்லை. ஊருக்குத் திரும்பிப் போயிருக்கலாம். போனால் பம்புசெட்டுக்குப் போகிற வழியில் நான்கு பேர் நின்று கேட்பார்கள். அம்மா அவர்களுக்குப் பதில் சொல்ல ஒரு பொய்யைத் தயார் செய்து வைத்திருந்தாள்: எனக்குக் கம்பெனியில் குவார்ட்டர்ஸ் கொடுத்திருக்கிறார்கள், மாப்பிள்ளைக்கும் அந்தப் பக்கமே வேலை மாற்றலாகப் போகிறது. அந்தப் பொய் நிலைக்க வேண்டுமானால் நான் ஊரில் இருக்கக் கூடாது. எனவே புதுவாயலில் ஹைவேயை ஒட்டிய சந்தில் வரிசையாகக் கட்டிய அறைகளில் ஒன்றை வாடகைக்குப் பிடித்தேன். மற்ற அறைகளில் ஒரிசாவிலிருந்து வந்த இரும்பாலைத் தொழிலாளிகள் இருந்தார்கள். ஷிப்டு முடிந்து வந்து சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கிவிடுவார்கள். எனக்கு அவர்கள் பாஷை தெரியாது, அவர்களுக்கு என் பாஷை தெரியாது.

வீட்டுக்கார அம்மா மட்டும் பேசுவாள். ஆந்திர எல்லைப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், மாமனாரை நைனா என்பாள். ஞாயிற்றுக்கிழமை நான் துணி காயப்போடும்போது படியில் நின்று கேட்பாள்.

"இன்னாம்மா, லீவு நாள்ல கூட ஊட்டுக்குப் போலியா?"

"அடுத்த வாரம் போறேங்க."

"சோழவரம் தானே? நம்ம நைனா சைக்கிள்லயே போய்ட்டு வந்துடுவாரு அந்தக் காலத்துல."

தூரம் ஒன்றுமில்லை என்பது எனக்குத் தெரியும். ஹைவேயில் நின்றால் சென்னைக்குப் போகிற எந்த பஸ்ஸும் சோழவரத்தைத் தாண்டித்தான் போகும்.

வேலையில் முதல் வருடம் நன்றாகவே போயிற்று. என் அறையில் இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்று எனக்கு. இன்னொன்று, கட்டுரை தேடி வருகிறவர்களுக்கு. ஆனால் வருகிறவர்கள் அதைத் தொடமாட்டார்கள், என்னிடம்தான் கேட்பார்கள். அவர்கள் கேட்கிற விதம் எனக்குப் பிடித்திருந்தது. ஒருவர், "ஜப்பான்காரன் எழுதினது, ஒரு கிராஃப் இருக்கும், மலை மாதிரி ஏறி இறங்கும்" என்பார். இன்னொருவருக்குக் கட்டுரையின் பெயர் ஞாபகமிருக்காது, அதைப் படித்த அன்று மழை பெய்தது ஞாபகமிருக்கும். ரேடியோவில் அன்று கேட்ட பாட்டையோ, புத்தக அட்டையின் நிறத்தையோ, எதையாவது சொல்லிக்கொண்டே நிற்பார்கள். நான் தேடிக்கொண்டே கேட்பேன்.

அந்த மென்பொருளோ அதற்கு நேர்மாறு. கேட்டதற்கு மேல் ஓர் இம்மி தராது. 'எபாக்சி முதிர்வு' என்று தட்டினால், அந்த இரண்டு சொல்லும் அதே வரிசையில் ஒட்டி நின்றால்தான் காட்டும். 'முதிர்வும் எபாக்சியும்' என்று தலைப்பு வைத்தவன் கட்டுரை உள்ளேயே கிடக்கும், வெளியே வராது. கலர் என்கிற ஆங்கிலச் சொல்லை இங்கிலாந்துக்காரர்கள் ஒரு எழுத்து கூடுதலாகப் போட்டு எழுதுவார்கள், அமெரிக்கர்கள் அதை விட்டுவிடுவார்கள். ஒன்றைத் தட்டினால் மற்றது வராது. இரண்டு சொற்களுக்கு நடுவில் விடுகிற இடைவெளியையும் அது ஓர் எழுத்தாகத்தான் எண்ணும். கிடைக்காவிட்டால் ஒரு சின்னக் கட்டம் வரும்: பொருந்தும் குறிப்பு எதுவும் இல்லை. அந்தக் கட்டத்தை மூடினாலும், தேடிய சொல் மட்டும் பெட்டியிலேயே நிற்கும். அடுத்தவர் வந்து வேறு சொல்லை அடிக்கும்வரை அப்படியே இருக்கும்.

இரண்டாவது கம்ப்யூட்டரில் தானே உட்கார்ந்து தேடுகிறவர் ஒரே ஒருவர். கூடத்தின் சீனியர் கெமிஸ்டு. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். பழவேற்காட்டுக்காரர், இறால், கருவாடு வியாபாரம் செய்கிற முஸ்லிம் குடும்பம். தினமும் பழவேற்காட்டிலிருந்து பஸ் பிடித்துப் பொன்னேரி வந்து, அங்கிருந்து ரயிலில் கும்மிடிப்பூண்டிக்கு வருவார். கூடத்தில் அதிகம் பேசமாட்டார். பேனல்களுக்குப் பூச்சு அடித்து உப்புநீர்ப் பெட்டியில் வைத்து, துரு எத்தனை தூரம் பரவுகிறது என்று பார்ப்பது அவர் வேலை. சாயங்கால டீக்குப் பிறகு என் அறைக்கு வருவார்.

"புது சிடி ஏதாச்சும் ஏத்திட்டியாம்மா?"

அயல்நாட்டு நிறுவனம் ஒன்று பழைய ஆய்வுக் கட்டுரைகளின் சுருக்கங்களை வருடவாரியாக சிடியில் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாக நான் மென்பொருளுக்குள் ஏற்றிவந்தேன். யாரும் படிக்காத ஆயிரக்கணக்கான குறிப்புகள்.

"எழுபத்தெட்டு வரைக்கும் ஏத்திட்டேன் சார்."

"சரி. நீ உன் வேலய பாரு. நான் சும்மா ஒண்ணு பாத்துட்டுப் போயிடறேன்."

கொஞ்ச நேரம் கீபோர்டு சத்தம். பிறகு எழுந்து, "வரேம்மா" என்று போய்விடுவார். சில நாள் போகிற போக்கில் பழவேற்காட்டைப் பற்றி ஏதாவது சொல்வார்: ஏரியில் பறவை வந்துவிட்டது, முகத்துவாரம் அடைத்துக்கொண்டது, நேற்று ஊட்டில் மடவை மீன் குழம்பு. அறைக்குள் அன்றைக்கு என்னிடம் வேலையைத் தவிர வேறு விஷயம் பேசிய ஆள் அவராகத்தான் இருப்பார். டீ நேரம் தாண்டினால் என் காது கதவுப் பக்கம் போய்விடும். கட்டுரை தேடுவது ஒரு சாக்கு, இரண்டு வார்த்தை பேசத்தான் வருகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் அவர் போன பிறகு அந்தக் கம்ப்யூட்டரை அணைக்கப் போனேன். 'ஆசிரியர்' என்கிற பெட்டியில் ஒரு பெயர் நின்றுகொண்டிருந்தது. அது அவருடைய பெயர்.

மறுநாளும் பார்த்தேன். அதே பெயர், முன்னால் இருந்த இனிஷியல் இப்போது பின்னால் போயிருந்தது. அடுத்த வாரம், நடுவில் ஓர் எழுத்தை இரட்டித்து. அதற்கடுத்து, பெயரின் இரண்டு துண்டுகளையும் சேர்த்து ஒரே சொல்லாக. ஒவ்வொரு முறையும் அந்தச் சின்னக் கட்டம் வந்திருக்கும். மூடியிருப்பார். "வரேம்மா" என்று எழுந்திருப்பார்.

அவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை. ஒரு மனிதர் தன் பெயரையே தேடிக்கொண்டிருக்கிறார் என்றால் அதை எப்படிக் கேட்பது? ஆனால் ஒரு சாயங்காலம் அவர் போன பிறகு, நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து என் பெயரை அடித்தேன். அப்பாவின் இனிஷியலோடு ஒரு தடவை. கம்பெனி அடையாள அட்டையில் கணவர் இனிஷியலோடு இருந்தது. அப்படியும் ஒரு தடவை. நான் எங்கேயும் எதுவும் எழுதியதில்லை, வராது என்று தெரியும். இரண்டு முறையும் 'பொருந்தும் குறிப்பு எதுவும் இல்லை' என்று வந்தபோது, தெரிந்த விஷயம்தானே என்று இருக்க முடியவில்லை. பெட்டியில் நின்றதை அழித்துவிட்டு விளக்கை அணைத்தேன்.

சில மாதம் கழித்துக் கம்பெனிக்கு ஒரு பெரிய ஆர்டர் பேச்சு வந்தது. மீஞ்சூருக்கு அந்தப் பக்கம் கடலோரத்தில் கட்டிக்கொண்டிருந்த ஏதோ ஒரு ஆலைக்கு, உப்புக்காற்று தாங்கும் பூச்சு வேண்டும். முந்திரிக்கொட்டை எண்ணெயில் செய்த ரெசின் என்கிற பிசின் பற்றி உலகத்தில் எழுதியதையெல்லாம் எடுக்கச் சொன்னார் மேனேஜர். முந்திரிப்பருப்பை உடைத்தெடுத்த பிறகு மிஞ்சும் ஓட்டிலிருந்து பிழிகிற கறுப்பு எண்ணெய் அது. கையில் பட்டால் கொப்புளித்துவிடும். கடலோரத்தில் படகுக்குப் பூசுவார்கள். அந்த வேலை சீனியர் கெமிஸ்டிடம் வந்தது. வழக்கம்போல அவர் இரண்டாவது கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். இந்தத் தடவை என்னைக் கூப்பிட்டார்.

"ரொம்பக் கம்மியா வருதேம்மா. இவ்ளோதானா எழுதிக்கிறாங்க?"

போய்ப் பார்த்தேன். கேஷ்யூ, இடைவெளி, நட், இடைவெளி, ஷெல் என்று தலைப்புப் பெட்டியில் அடித்திருந்தார்.

"சார், சில பேரு கேஷ்யூநட்டுன்னு ஒட்டி எழுதுவாங்க. நீங்க இடைவெளி விட்டதால அதெல்லாம் வராது. கேஷ்யூ மட்டும் அடிங்க. 'முழுச் சொல்'னு ஒரு டிக் இருக்கு பாருங்க, அத எடுத்துடுங்க. தலைப்புல மட்டும் தேட வேணாம், எல்லாப் பெட்டியிலயும் தேடச் சொல்லுங்க."

"ஒரு இடைவெளிக்கு இவ்ளோ பேஜாரா?" என்று சிரித்துக்கொண்டே செய்தார்.

திரை நிறைய வந்தது. அவர் மெதுவாகக் கீழே உருட்டினார். பிரேசில், கேரளா, பிரேசில், டான்சானியா. நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். ஒரு வரியில் அவர் கை நின்றது. உவர்நீரில் கிடக்கும் மரப்பலகைகளுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய்ப் பூச்சு என்பது தலைப்பு. இரண்டு ஆசிரியர்கள். இரண்டாவது பெயர் சென்னைப் பேராசிரியர் ஒருவருடையது, எனக்கும் அந்தப் பெயர் வேறு கட்டுரைகளில் பழக்கம். முதல் பெயர் ஒரு முஸ்லிம் பெயர், கூடவே ஒற்றை எழுத்து. எனக்குத் தெரியாத பெயர்.

"நம்ம பக்கத்து ஆளு யாரோ போல சார்," என்றேன்.

அவர் நாற்காலியைத் திரைக்குப் பக்கமாக இழுத்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். அந்த வரியின் மேல் விரலை வைத்தார், திரையில் விரல் பதிந்து ஒரு வானவில் கறை உண்டாகிற அளவுக்கு.

"நம்ம பக்கத்து ஆளுதான்," என்றார். "இது எங்க வாப்பா பேரு."

எனக்குப் புரியவில்லை. அவர் அப்பா கட்டுரை எழுதினாரா என்று கேட்டேன்.

"வாப்பாவா? வாப்பாவுக்குக் கையெழுத்து போடத்தான் தெரியும்." அந்த ஒற்றை எழுத்தைக் காட்டினார். "இதும்மா, இதான் நான்."

அதற்குப் பிறகு அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். அவர் இளவயதில் சென்னையில் ஆராய்ச்சி மாணவராக இருந்தார். பேராசிரியரும் அவரும் சேர்ந்து எழுதிய முதல் கட்டுரையை வெளிநாட்டு இதழுக்கு அனுப்பினார்கள். அந்தச் சமயத்தில் அவர் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போயிற்று. மூத்த மகன் இவர். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கும்மிடிப்பூண்டியில் வேலைக்குச் சேர்ந்தார். பேராசிரியர் வெளிநாடு போய்விட்டார், போட்ட கடிதத்துக்குப் பதில் இல்லை. சில வருடம் கழித்துச் சென்னையில் ஒரு நூலகத்துக்குப் போய் ஆசிரியர் அட்டவணையில் தன் பெயரைப் பார்த்தார். இல்லை. கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று முடிவு செய்துகொண்டார். ஆனால் என் அறைக்குக் கம்ப்யூட்டர் வந்ததும் மறுபடி ஆசை வந்தது.

நடந்தது இவ்வளவுதான். குடும்பப் பெயர் என்ன என்று இதழ்க்காரர்கள் கேட்டிருப்பார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பேராசிரியர் இவருடைய இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் கொடுத்திருக்கிறார். அவர்கள் அதைப் பிரதானமாக வைத்து, இவருடைய சொந்தப் பெயரை ஒற்றை எழுத்தாகச் சுருக்கிவிட்டார்கள். அட்டவணையிலும் அப்படித்தான், என் கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். அவர் தன் பெயரை எத்தனை விதமாக அடித்தாலும் வரப்போவதில்லை. வாப்பா பெயரை அடிக்க அவருக்குத் தோன்றவே இல்லை. தன் பெயர் வந்தால்தான் அது தன் கட்டுரை என்று, தலைப்பையோ பேராசிரியர் பெயரையோ அவர் அடித்துப் பார்த்ததில்லை.

"இத்தினி வருஷம்," என்றார். எழுந்து போய்விட்டார். அன்றைக்கு "வரேம்மா" சொல்லவில்லை.

சுருக்கம்தான் என்னிடம் இருந்தது. முழுக் கட்டுரை வேண்டும். ப்ராஜெக்டுக்குத் தேவை என்று சொல்லி மேனேஜரிடம் ஒரு நாள் வாங்கிக்கொண்டு சென்னைக்குப் போனேன். நூலகத்தில் அந்த இதழின் பழைய தொகுதிகள் மாடியில் கடைசி வரிசையில் இருந்தன. தொகுதி கனமாக இருந்தது, ஒட்டியிருந்த பக்கங்களைக் கிழியாமல் பிரிக்க வேண்டியிருந்தது. ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு திரும்பும்போது ரயிலில் படித்தேன். அத்திப்பட்டு தாண்டியதும் பெட்டி காலியாகிவிட்டது. எனக்கு எதிரே யாரும் இல்லை. கடைசிப் பக்கத்தில், நன்றி கூறும் இடத்தில், சோதனைக்காகத் தன் பழைய படகின் பலகைகளைத் தந்துதவிய முதல் ஆசிரியரின் தந்தைக்கு நன்றி என்று இருந்தது. அந்த வரியை யாரிடமாவது காட்ட வேண்டும்போல் இருந்தது. மீஞ்சூரில் ஏறிய இரண்டு பேர் சீட்டு விளையாட ஆரம்பித்தார்கள். நான் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் அவரிடம் கொடுத்தபோது முதல் பக்கத்தைப் பார்த்தார், கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். பிறகு, "ஞாயித்துக்கிழம ஊட்டுக்கு வாம்மா," என்றார். "வாப்பா உன்னப் பாக்கணும்னுவாரு."

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போனேன். பொன்னேரியில் இறங்கி பஸ் பிடித்தேன். பழவேற்காட்டில் வெயிலில் கண் கூசியது. அவர் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து அழைத்துப் போனார். கூடத்தில் எப்போதும் நீலக் கோட்டில் பார்த்த மனிதர், லுங்கியும் வெள்ளைத் தொப்பியுமாக வேறு ஆளாகத் தெரிந்தார். அவர் மனைவி உள்ளேயிருந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "ரொம்ப ஒல்லியா கீறியே," என்றார் முதல் வார்த்தையாக.

வாப்பா கட்டிலில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வயது எண்பதுக்கு மேல் இருக்கும். காது மந்தம், கண் பரவாயில்லை. ஜெராக்ஸ் தாள் அவர் மடியில் இருந்தது.

"நீயா பொண்ணு, என் பேரக் கண்டுபுடிச்சது?"

"ஆமாங்க. தற்செயலா வந்தது."

"இன்னா வந்தது?" மகன் காதருகே குனிந்து சத்தமாகச் சொன்னார். பெரியவர் தலையாட்டினார். "இவன் சொல்றான், இத அமெரிக்காவுல, ஜப்பான்ல எல்லாம் படிச்சிக்கிறானுங்களாம். படிச்சவனுக்கெல்லாம் எழுதினது நான்னு நெனப்பு. நான் பாவம், இங்க இறால் தராசு புடிச்சிக்கினு இருந்தேன்."

எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. தாளைத் திருப்பினார்.

"கடைசில இன்னாவோ பலகன்னு போட்டுக்கிதாமே?"

மகன் அந்த வரியைத் தமிழில் சொன்னார். பெரியவர் முகம் மாறியது.

"அந்தப் பலக! இவன் அறுத்துக் கேட்டப்ப நான் திட்டினேன். நல்ல பலக. இவன் உம்மாதான், பையன் படிப்புக்குக் கேக்குறான் குடுங்கன்னு குடுக்க வெச்சா." தாளைத் தட்டிக் காட்டினார். "பேரு என்னுது, பலக என்னுது. எழுத்து மட்டும்தான் இவனுது. அப்ப முக்காவாசி என்னுதுதானே?"

"முழுசா உங்களுதுதான் வாப்பா," என்றார் மகன். கூடத்தில் பேசாத அந்த மனிதருக்கு அப்படி ஒரு குரல் இருந்தது எனக்கு அதுவரை தெரியாது.

சாப்பாடு போட்டார்கள். இறாலும் நெய்ச்சோறும். பெரியவர் கட்டிலிலிருந்தே நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க ஊட்டுக்காரரு வரலியா?" என்றார்.

என் கழுத்தில் தாலி இருந்தது. அம்மாவின் பொய்க்காகக் கழற்றாமல் வைத்திருந்தேன். அம்மாவின் பொய்யையே அவரிடமும் சொல்லியிருக்கலாம். "நான் தனியாத்தான் இருக்கேங்க," என்றேன். அவருக்குக் கேட்டதா தெரியவில்லை. மகன் சட்டென்று இறால் இன்னும் போடச் சொல்லிக் குரல் கொடுத்தார். அவர் மனைவி என் இலையில் எதையும் போடாமல், பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் மடியில் அவர்கள் கொடுத்த டிபன் பாக்ஸ் சூடாக இருந்தது. புதுவாயலில் இறங்கியபோது ஒரிசாக்காரர்கள் குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். அறையைத் திறந்து ஃபேன் போட்டேன். மதியம் அத்தனை பேச்சுக் கேட்ட காதுக்கு அந்த ஃபேன் சத்தம் தாங்கவில்லை. வெளியே வந்து படியில் உட்கார்ந்து லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை அவர் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. அந்த வாரம் ஒரு நாள் காரிடாரில் பார்த்தபோது நலம் விசாரித்தார், மனைவி டிபன் பாக்ஸைக் கேட்டதாகச் சொன்னார், நான் கொண்டுவந்து கொடுத்தேன். சாயங்கால டீ முடிந்து ஆட்கள் நடக்கும் சத்தம் கேட்கும், நான் கதவைப் பார்ப்பேன். அவருக்கு இனி இந்த அறையில் தேடுவதற்கு ஒன்றும் இல்லை. அதில் அவர் தப்பு எதுவும் இல்லை. அவர் வேறெதற்கோ வருகிறார் என்று கணக்குப் போட்டது நான்தான். அப்படித் தெரிந்திருந்தும் வலித்தது.

பிறகு ஒருநாள் வந்தார். உட்காரவில்லை.

"ஒரு உதவிம்மா. அந்த ரெக்கார்டுல என் பேரச் சேக்க முடியுமா? வாப்பா பேர எடுக்க வேணாம். அது இருக்கட்டும். நான் தேடினா வரணும், அவ்ளோதான்."

ஆசிரியர் பெட்டியில் இதழில் அச்சான பெயரைத்தான் வைக்க வேண்டும், மாற்றினால் மேற்கோள் தப்பாகிவிடும். ஆனால் குறிச்சொல் என்று ஒரு பெட்டி இருந்தது. அதில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். அவர் பெயரை அவர் அடித்துப் பார்த்த அத்தனை விதத்திலும் எழுதினேன்: இனிஷியல் முன்னால், இனிஷியல் பின்னால், எழுத்தை இரட்டித்து, ஒட்டி, பிரித்து. நான் ஒவ்வொன்றாகத் தட்டத் தட்ட, அவர் திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பெட்டியில் என்ன மிச்சமிருந்தது என்று நான் பார்த்திருக்கிறேன் என்பது அவருக்கு அப்போது புரிந்திருக்கும்.

"தேடிப் பாருங்க சார்."

இரண்டாவது கம்ப்யூட்டரில் நின்றபடியே தன் பெயரை அடித்தார். ஒரே ஒரு குறிப்பு வந்தது. "வந்துடுச்சு," என்றார். கொஞ்ச நேரம் பார்த்தார். "வரேம்மா."

அடுத்த வருடம் எல்லோர் மேசைக்கும் நெட்வொர்க் இழுத்தார்கள். மென்பொருள் அவரவர் கம்ப்யூட்டரிலேயே வந்துவிட்டது. எப்படித் தேடுவது என்று நான் எல்லோரையும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு சொல் போதும், நீளமாக அடிக்காதீர்கள். சொல்லை முழுசாக அடிக்காமல் பாதியில் விடுங்கள். இரண்டு ஸ்பெல்லிங்கும் போட்டுப் பாருங்கள். அவர்கள் என்னிடம் கேட்ட விதங்களையெல்லாம் நினைவுபடுத்திக்கொண்டு குறிச்சொல் பெட்டியில் ஏற்றினேன். மலை கிராஃப் என்றுகூடப் போட்டேன். ஜப்பான்காரன் கட்டுரையைக் கேட்டவர் அதை அடித்துக் கிடைத்ததும் இன்டர்காமில் கூப்பிட்டு, "சூப்பர் மேடம்!" என்று கத்தினார். அதுதான் அவர் எனக்கு அடித்த கடைசி போன். என் வேலையை நான் நன்றாகச் செய்தேன் என்பதற்கு அடையாளமாக அறைக்கு ஆட்கள் வருவது நின்றது. இரண்டாவது கம்ப்யூட்டரைக் கணக்குப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அது இருந்த மேசையில் மட்டும் சதுரமாகத் தூசு இல்லாத இடம் கொஞ்ச நாள் தெரிந்தது.

காலையில் வந்து கதவைத் திறந்தால் சாயங்காலம் பூட்டும்வரை யாரோடும் பேசாத நாட்கள் இருந்தன. ஒரு நாள் புதுவாயலில் கடைக்காரரிடம் தீப்பெட்டி கேட்டபோது என் குரல் கரகரவென்று வந்தது. காலையிலிருந்து நான் பேசிய முதல் வார்த்தை அதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. கடைக்காரர், "ஜலதோஷமா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

அந்த வாரமே மேனேஜரிடம் போய், கூடத்துக்குள்ளேயே ஒரு மேசை வேண்டும் என்று கேட்டேன்.

"அங்கயா? பெயிண்ட் அரைக்கிற பால் மில் ஓடும், பேசினா கேக்காது. வாசனை வேற. உங்க ரூம்ல ஏசி இருக்கே?"

"இருக்கு சார். எனக்கு அங்கதான் வேணும்."

காரணம் கேட்பார் என்று ஒன்றைத் தயார் செய்து வைத்திருந்தேன். கேட்கவில்லை. ஜாடிகளை உருட்டி நிறமியை அரைக்கிற இயந்திரத்துக்குப் பக்கத்தில், கைகழுவும் தொட்டிக்கு எதிரில் ஒரு மேசை போட்டுக் கொடுத்தார்கள். காது அடைக்கும் இரைச்சல். சீனியர் கெமிஸ்டு அதற்குள் விசாகப்பட்டினம் கிளைக்கு மாற்றலாகியிருந்தார். உப்புநீர்ப் பெட்டியை வேறொரு பெண் பார்த்துக்கொண்டாள். கைகழுவ வருகிறவர்கள் ஈரக் கையை உதறும்போது என் தாள்களில் தண்ணீர் தெறிக்கும். "சாரி மேடம்" என்பார்கள். "பரவால்ல" என்று நானும் இரைச்சலுக்கு மேல் கத்துவேன். சிநேகம் என்று ஒன்றும் உண்டாகிவிடவில்லை. மதியச் சாப்பாட்டை இன்னும் தனியாகத்தான் சாப்பிட்டேன். ஆனால் சாயங்காலம் கடையில் ஏதாவது கேட்கும்போது குரல் கரகரக்கவில்லை.

தீபாவளிக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை ஹைவேயில் நின்று பஸ் ஏறினேன். சோழவரத்தில் இறங்கி, பம்புசெட்டு வழியாகவே நடந்து போனேன். இரண்டு பேர் கேட்டார்கள். மாப்பிள்ளை வரலியா என்றார்கள். இல்லை, அவரோடு நான் இல்லை, புதுவாயலில் தனியாக இருக்கிறேன் என்றேன். அவர்கள் உடனே நெல் கதிர் வைத்திருப்பதைப் பற்றிப் பேசினார்கள். வீட்டில் அம்மா கோபித்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். அப்பா கயிற்றுக் கட்டிலை வீட்டுக் கூடத்தில் எனக்காக எடுத்துப் போட்டார்.